அம்மாவின் கைதவறலுக்கு யார் பொறுப்பு?

சோறு வடிக்கும்போது அம்மாவுக்குத் தலை சுற்றியது. குண்டான் சரிந்து, கொதிக்கும் கஞ்சி இடது காலில் கொட்டிவிட்டது. சத்தம் கேட்டு ஓடிப்போன நான் முதலில் சொன்ன வார்த்தை, "பாத்து செய்யக் கூடாதாம்மா?" என்பதுதான். மேடையில் சாதி ஒழிப்பு பேசுகிறவன், பெண் விடுதலை பற்றி நாலு கட்டுரை எழுதியவன் சொன்ன வார்த்தை அது. காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த அம்மா என்னிடம் கேட்டார், "சோறு பூரா கொட்டிடுச்சாடா?"

எங்கள் வீட்டில் அம்மாவின் கைதவறல் ஒரு பழைய நகைச்சுவை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோவார். குக்கர் விசிலை எண்ண ஆரம்பித்து நடுவில் விட்டுவிடுவார். குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போடுவார். சாவியை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுவார். மாதத்துக்கு ஒரு கண்ணாடி டம்ளராவது உடையும். முறத்தில் அரிசி புடைக்கும்போது ஒரு கை அரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பார். அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வரும் என்பார்கள் இல்லையா, தங்கச்சி அதை வைத்து ஓட்டுவாள்: "உனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே, இன்னும் எந்தக் கல்யாணத்துக்கும்மா மழை வரணும்?" அம்மாவும் சேர்ந்து சிரிப்பார்.

இன்ஸ்டாகிராமில் இதற்கென்றே ஒரு தனி வகை வீடியோ உண்டு. தலையில் துண்டு போட்டுக்கொண்டு ஓர் இளைஞன் அம்மாவாக நடிப்பான். எதற்கெடுத்தாலும் பதறுவான், எதையாவது கொட்டுவான், தலைவலி என்றால் "எல்லாம் அந்த போனாலதான்" என்பான். லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள். நானும் பார்த்திருக்கிறேன், "இது நம்ம வீடேதான்" என்று குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறேன். அம்மா என்றால் இயல்பாகவே பதறுகிறவர், மறக்கிறவர், தன் உடம்பைக் கவனிக்காதவர் என்று நாம் எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டோம். அது அவருடைய குணம் என்கிறோம். கொஞ்சம் பாசமாகச் சொல்ல வேண்டுமென்றால் தாய்மை என்கிறோம்.

அரசு மருத்துவமனையில் காலுக்குக் கட்டுப்போட்ட மருத்துவர் ஓர் இளம்பெண். கட்டுப்போட்டு முடித்ததும் அம்மாவின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நகங்களைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார், "அரிசி திம்பீங்களாம்மா?"

நானும் தங்கச்சியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 6.8 என்று வந்தது. கர்ப்பமாக இல்லாத ஒரு பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. அரிசி, சாக்பீஸ், மண், ஐஸ்கட்டி என்று எதையாவது மென்றுகொண்டே இருக்கத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைபாட்டின் அடையாளங்களில் ஒன்றாம். தலைசுற்றல், கையில் பிடிப்பு இல்லாமல் போவது, ஞாபகம் நிற்காதது, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, ராத்திரியில் கால் குடைச்சல், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே காரணம் போதும் என்றார் மருத்துவர். இத்தனை வருடங்களாக நாங்கள் வீட்டில் உட்கார்ந்து சிரித்தது ஒரு நோயைப் பார்த்து.

கட்டிலில் படுக்கவைத்தபோது அங்கே இருந்த ஊழியர் ஒருவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பிச் சொன்னார்: "இவங்கல்லாம் எல்லாத்தையும் திங்கிறவங்களாச்சே, இவங்களுக்கு எப்படி ரத்தம் இல்லாம போகும்?" மெதுவாகச் சொன்னதாக அவர் நினைத்திருக்கலாம். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த ஊழியர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர் ஆம்பூர்ப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பா சைக்கிளில் போய்ப் பெரிய கறி வாங்கி வருவார். கறி, கொஞ்சம் ஈரல், கொஞ்சம் கொழுப்பு. மிஞ்சியதை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் காயப்போட்டால் உப்புக்கண்டம். மழைக்காலத்தில் வேலை இல்லாத நாட்களில் அதைத் தணலில் சுட்டுத் தட்டிப்போட்டால் ஒரு குண்டான் கஞ்சி இறங்கும். தங்கச்சி பிறந்தபோது ஆயா அம்மாவுக்கு ஈரல் சாறு வைத்துக் கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. ஊட்டச்சத்து நிபுணர் யாரும் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. விலங்கு இறைச்சியில் இருக்கும் இரும்புச்சத்தைக் கீரையில், பருப்பில் இருப்பதைவிட உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும் என்பது ஆயாவுக்குத் தெரியாது. ஆனால் ரத்தம் போன உடம்புக்கு எது வேண்டும் என்று தெரிந்திருந்தது. ஆட்டுக்கறி விலையில் பாதிகூட இல்லாத அந்தக் கறிதான் எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகும் இரும்புச்சத்து.

2016-இல் அப்பாவின் வேலைக்காகச் சென்னைப் புறநகருக்கு வந்தோம். பதினோரு வீடு பார்த்தோம். "சொந்த ஊர் எது?" என்று கேட்பார்கள். சொன்னால், "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். அதையும் சமாளித்தால் "குலதெய்வம் எது?" என்று வரும். மாநகரத்தில் யாரும் சாதி கேட்பதில்லை என்று சொல்கிறவர்களை ஒருநாள் டூலெட் போர்டு பார்த்துக்கொண்டு எங்களோடு நடக்கச் சொல்ல வேண்டும். பன்னிரண்டாவது வீட்டுக்காரர் நல்ல மனிதர், எதையும் கேட்கவில்லை. "நாங்களும் கறி சாப்பிடறவங்கதான். ஆடு, கோழி, மீன் எதை வேணும்னாலும் செய்ங்க. அது மட்டும் வேணாம்" என்றார்.

அம்மா உடனே சொன்னார், "அதெல்லாம் நாங்க தொடறதே இல்லீங்க."

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. அதற்குப் பிறகு அந்தப் பொய்யை எட்டு வருடம் சமைத்தார்.

சைவம் அசைவம் என்ற சண்டையாக இதை மாற்றப் பார்ப்பார்கள், விடாதீர்கள். அந்த வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்குடல் குழம்பு வைக்கிறவர். அக்கிரகாரத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் 'அது' என்று பெயர்கூடச் சொல்லாமல் ஒதுக்கும் நாக்கு அவருக்கு எங்கிருந்து வந்தது? தீண்டாமையின் வேர் மாட்டிறைச்சி உண்ணலில் இருக்கிறது என்று அம்பேத்கர் 1948-இல் தன் 'தீண்டப்படாதவர்கள்' நூலில் வாதிட்டார். அதைப் படித்தபோது பழைய வரலாறு என்று நினைத்தேன். அது எங்கள் வாடகை ஒப்பந்தத்தின் எழுதப்படாத ஷரத்தாக இருந்தது. வீட்டுக்காரருக்கு எங்கள் சாதியைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை, அடுப்பைக் கேட்டால் போதும்.

தனிமனிதரின் அருவருப்பு என்றும் இதைத் தள்ளிவிட முடியாது. 2022-இல் எங்கள் ஆம்பூரிலேயே அரசு சார்பில் பிரியாணித் திருவிழா அறிவித்தார்கள். எந்த ஊரில்? மாட்டுக்கறி பிரியாணியைத் தெருவுக்குத் தெரு விற்கும் ஊரில். பட்டியலில் மாட்டுக்கறி இல்லை. ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவைத் தள்ளிவைத்தார்கள். சமூகநீதி பேசும் மாநிலத்தின் அரசு மேடையிலும் அதே வாக்கியம்தான்: அது மட்டும் வேண்டாம்.

வாடகைச் சந்தையில் சாதி பார்க்கிறார்கள் என்று சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் டெல்லி வட்டாரத்தில் ஆய்வு செய்து 2015-இல் வெளியிட்டார்கள். பெயரை வைத்தே தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் வீடு மறுக்கப்படுவதை அது காட்டியது. தமிழ்நாட்டில் 2017-இல் புதிய வாடகைச் சட்டம் வந்தது. எழுத்து ஒப்பந்தம், முன்பணத்துக்குக் கணக்கு, வாடகைப் பதிவு எல்லாம் அதில் உண்டு. சாதி பார்த்து, சாப்பாடு பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று ஒரு வரி அதில் இல்லை. தேர்தல் அறிக்கைக்குக் கோரிக்கை கேட்கும் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்கறியை நிறுத்தியதால் மட்டும் அம்மாவின் ரத்தம் 6.8-க்கு வந்துவிடவில்லை. ஸ்கேன் எடுத்தபோது கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. மாதம் பத்துப் பன்னிரண்டு நாள் உதிரப்போக்கு. மூன்று வருடமாக இப்படி என்று மருத்துவரிடம்தான் சொன்னார், எங்களிடம் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று தங்கச்சி அழுதபோது, "சொன்னா லீவு போடச் சொல்லுவீங்க" என்றார்.

அம்மா ஒரு பெரிய கட்டிடத்தில் ஹவுஸ் கீப்பிங் வேலை பார்க்கிறார். கழிப்பறை கழுவுவதற்கு நகரம் கண்டுபிடித்த பெயர் அது. ஒப்பந்த வேலை. ஒருநாள் போகாவிட்டால் அந்த நாள் சம்பளம் கிடையாது, மூன்று நாள் போகாவிட்டால் அந்த இடமே கிடையாது. நாள் முழுக்க மற்றவர்களின் கழிப்பறையைக் கழுவுகிறவர் தன்னுடைய துணியை மாற்றக் கீழ்த்தளத்துக்கு, கார் நிறுத்துமிடத்தைத் தாண்டிப் போக வேண்டும். போகாமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். பசிக்கு டீ. சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்பதை அந்த மருத்துவர் சொல்லித்தான் நானே தெரிந்துகொண்டேன்.

ரத்தத்துக்குச் சாதி இல்லை என்று ரத்ததான முகாம்களில் பேனர் வைப்போம். ரத்தத்துக்கு இல்லைதான், ரத்தசோகைக்கு இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். இந்திய அளவில் சாதிவாரியாகப் பிரித்துப் பார்த்தால் பட்டியல் சாதிப் பெண்களிடமும் பழங்குடிப் பெண்களிடமும் மற்றவர்களைவிட அதிகம். உயர்த்தப்பட்ட சாதிப் பெண்களைவிடத் தலித் பெண்கள் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்பே இறந்துபோகிறார்கள் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை சொன்னது. அந்த எண்ணைக் கூட்டங்களில் பலமுறை சொல்லி அதிரவைத்திருக்கிறேன். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து, 48 வயது அம்மாவுக்கு ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதை மனதுக்குள்கூடச் சொல்ல முடியவில்லை.

இதுவரை எழுதியதற்கு நீங்கள் கைதட்டுவீர்கள் என்று தெரியும். வீட்டுக்காரர், ஒப்பந்ததாரர், அரசு, எல்லோரையும் திட்டியாயிற்று. இனிதான் எனக்குக் கஷ்டமான பகுதி.

ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஈரல் வரும் என்றேன். அந்த ஈரலை யார் சாப்பிட்டது? நான். "வளர்ற புள்ள" என்று என் தட்டில் வைப்பார்கள். தங்கச்சிக்கு இரண்டு துண்டு. அப்பாவுக்குக் கறி. அம்மா கடைசியில் உட்கார்ந்து சட்டியில் ஒட்டிய மசாலாவில் சோற்றைப் பிசைந்து சாப்பிடுவார். "சட்டிச் சோறுதான் ருசி" என்பார். நாங்கள் நம்பினோம். நம்புவது வசதியாக இருந்தது. சாதி எங்கள் அடுப்பிலிருந்து கறியை எடுத்தது 2016-இல். அதற்கு முன்பே அம்மாவின் தட்டிலிருந்து நான் எடுத்திருந்தேன். தங்கச்சிக்கும் அன்றே பரிசோதனை செய்தார்கள். 9.8. பள்ளியில் கொடுத்த நீல மாத்திரையை வயிறு புரட்டுகிறது என்று சுவருக்குப் பின்னால் எறிந்ததாக இப்போது சொல்கிறாள். என்னுடையது 15.

கல்லூரியில் மாட்டுக்கறி விருந்து நடத்தியிருக்கிறோம். 2017-இல் ஒன்றிய அரசு கால்நடைச் சந்தைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது ஊரெல்லாம் நடந்தன. சென்னை ஐ.ஐ.டி.யில் ஒரு மாணவரை அடித்தே விட்டார்கள். அந்த விருந்துகள் தேவையானவை, இன்றும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வருடம் மேடையில் கறித்துண்டைத் தூக்கிப் பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்ட நான், ராத்திரி வீட்டுக்கு வரும் முன் கை கழுவி, வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்திருப்பார். எனக்கு வெளியே ஒரு களம் இருந்தது. எதிர்ப்பையும் சாப்பிட்டேன், புரதத்தையும் சாப்பிட்டேன். அம்மாவுக்கு ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. உங்களில் எத்தனை பேருக்குத் தோன்றியது?

2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். இதில் முற்போக்கு ஆண்களுக்குத் தனிக் கணக்கு எடுத்திருந்தால் நாம் எங்கே நிற்போம் என்று யோசித்துப் பார்க்கிறேன். எங்கள் அமைப்பு அறையில் டீ டம்ளர் கழுவும் முறைப் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கிறது, எல்லோரும் ஒழுங்காகக் கழுவுகிறோம். வீட்டுச் சுவரில் அப்படி எதையும் நான் ஒட்டவில்லை.

நம் இயக்கத்துக்குள் 'தியாகத் தாய்' என்று ஒரு சொல் புழங்குகிறது. அன்னை ரமாபாய் நினைவு நாளில் சுவரொட்டிகளில் வரும். பெற்ற ஐந்து குழந்தைகளில் நான்கைப் பறிகொடுத்து, நீண்ட நாள் நோயில் கிடந்து 1935 மே 27 அன்று இறந்துபோன ஒரு பெண்ணை அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். அம்பேத்கர் அப்படி நிறுத்திக்கொள்ளவில்லை. 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். உழைக்கும் பெண்ணுக்குப் பேறுகாலத்தில் சம்பளத்தோடு ஓய்வு வேண்டும், அந்தச் செலவை மற்றவர்கள் ஏற்க வேண்டும் என்று வாதாடினார். அடுத்த ஆண்டு அது சட்டமானது. தாயின் உடம்பைப் பற்றிக் கவலைப்படுவது என்றால் அவருக்குச் சட்டம், சம்பளம், ஓய்வு. நமக்கு மே மாதம் ஒரு சுவரொட்டி. அம்மாவின் ஒப்பந்த நிறுவனத்தில் நோய்க்குச் சம்பளத்தோடு விடுப்பு கேட்டுப் போராட எத்தனை பேர் வருவீர்கள் என்று குரூப்பில் கேட்டிருக்கிறேன். கட்டைவிரல் நிறைய வந்திருக்கிறது.

அம்மாவுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிறகு மாத்திரை. கால் ஆற ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் நான் சமைத்தேன். பாலைப் பொங்கவிட்டேன், இரண்டு டம்ளர் உடைத்தேன், ஒருமுறை கேஸை மூட மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். யாரும் என்னைக் கைதவறுகிறவன் என்று சொல்லவில்லை. "பாவம், பழக்கமில்ல" என்றார்கள்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் 10.4. கர்ப்பப்பைக் கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்ய இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும் என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போய் முக்கால் கிலோ ஈரல் வாங்கி வந்தேன். அம்மா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்ச் சமையலறைச் சன்னலைச் சாத்தினார். நான் திறந்தேன். "வேணாண்டா" என்று மறுபடி சாத்தினார். மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்தபோது சாத்திய சன்னலைத் தாண்டி மணம் போய்விட்டது. அம்மா தட்டில் வைத்ததை எடுத்து என் தட்டில் போட்டார். நான் திருப்பிப் போட்டேன். இரண்டு முறை இப்படிப் போய்வந்த பிறகு தங்கச்சி, "ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்று அம்மாவின் தட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் வீட்டுக்காரர் அப்பாவைக் கூப்பிட்டார். பையனுக்குக் கல்யாணம் பேசுகிறார்களாம், போர்ஷன் தேவைப்படுகிறதாம். இரண்டு மாதம் டைம்.

இப்போது மறுபடி வீடு தேடுகிறோம். போன வாரம் ஒரு புரோக்கர் அம்மாவின் போனுக்கே அழைத்தார். ஸ்பீக்கரில் இருந்தது. வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் எல்லாம் பேசி முடித்துக் கடைசியில் கேட்டார், "சாப்பாடெல்லாம் எப்படிம்மா? வீட்டு ஓனர் கேப்பாரு."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு போனைக் கொஞ்சம் கிட்டே இழுத்து, "எல்லாம் சாப்பிடுவோம். பெரிய கறியும் சாப்பிடுவோம்" என்றார்.

"சரிம்மா, ஓனர்ட்ட பேசிட்டுச் சொல்றேன்" என்று வைத்தார். இன்னும் கூப்பிடவில்லை.